பிள்ளையின் கோபமும் மருந்தின் இடமும்

(நமது ஜமாஅத் மண்டபத்தில் பெற்றோர்களுக்காக நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

குழந்தைகளின் மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் அழைத்தபோது, பெற்றோர்களின் கேள்விகளை முன்கூட்டியே சீட்டுகளில் எழுதி வாங்கித் தருமாறு நாம் கேட்டுக்கொண்டோம். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம். வந்து சேர்ந்த சீட்டுகளுள் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஏ.டி.ஹெச்.டி. என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிள்ளை, தம்பி தங்கையை அடிக்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான், பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறை அழைப்பு வருகிறது என்பதே அவற்றின் சாரம். ஒரு சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "ஓதிப் பார்த்தாகிவிட்டது, அடித்துப் பார்த்தாகிவிட்டது, கோபத்தை அடக்க மாத்திரை இருந்தால் சொல்லுங்கள்." இன்னொரு சீட்டு இதற்கு நேர் எதிரானது: "மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்கிறார்கள், கொடுக்கலாமா?" இவ்விரண்டு சீட்டுகளுக்கும் பதில் சொல்வதே இன்றைய நமது நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கோபத்துக்கென்று தனியாக ஒரு மாத்திரை மருத்துவத்தில் இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை இருப்பதுபோல் கோபத்துக்கும் இருக்கும் என்று எண்ணி வருகின்ற பெற்றோர்கள் பலர். காய்ச்சலிலும்கூட, எதனால் வந்த காய்ச்சல் என்று பார்த்துத்தானே வைத்தியம் செய்கிறோம்? கோபமும் அவ்வாறே. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளையின் கோபம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டறிந்த பிறகுதான், அதில் மருந்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்று சொல்ல முடியும். பல பிள்ளைகளுக்கு மருந்து பெரிதும் உதவுகிறது. சிலருக்கு ஓரளவு உதவுகிறது. இன்னும் சிலருக்கு, நேரமும் அளவும் பொருந்தாத மருந்தே கோபத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு.

ஏ.டி.ஹெச்.டி. என்பது கவனக் குறைவு, ஓரிடத்தில் நில்லாத மிகை இயக்கம், முன்பின் யோசியாது சட்டெனச் செயல்படும் அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு குறைபாடு ஆகும். உலகம் முழுவதிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த கணக்கு, பிள்ளைகளில் ஏறத்தாழ 100க்கு 5 பேருக்கு இது இருப்பதாகக் கூறுகிறது. 40 பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இது வளர்ப்பின் குற்றமன்று. கண்ணேறும் அன்று. மூளையின் முன்பகுதி மெதுவாக முதிர்வதோடும், டோபமின், நார்அட்ரினலின் என்னும் இரசாயனங்களின் ஓட்டத்தோடும் தொடர்புடையது. பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. "நானும் சிறுவயதில் இப்படித்தான் இருந்தேன், என் வாப்பா அடித்துத் திருத்தினார்" என்று எம்மிடம் சொல்லும் தந்தையர் பலர். அந்தப் பேச்சின் முற்பாதியை நாம் மிகக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த மூன்று குறைகளின் பட்டியலில் கோபம் என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவசரம் இருக்கிறது. தம்பி விளையாட்டுப் பொருளைப் பறித்தவுடன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆத்திரம் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஆத்திரத்துக்கும் ஓங்கும் கைக்கும் இடையில் ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடியில் உம்மாவின் முகமோ, நேற்றுக் கிடைத்த தண்டனையோ நினைவுக்கு வருகிறது, கை நிற்கிறது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைக்கு அந்த நொடி கிடைப்பதில்லை. அடித்து முடித்த பிறகுதான் நினைவு வருகிறது. அதனால்தான் அவன் பல சமயம் தானே அழுகிறான், "இனிமேல் செய்யமாட்டேன்" என்று மனதாரச் சொல்கிறான், மறுநாளும் செய்கிறான். அவன் பொய் சொல்கிறான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

மருந்து செய்கின்ற வேலை அந்த ஒரு நொடியை மீட்டுக் கொடுப்பதாகும். இதை மனதில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இந்த மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு மருத்துவ இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர் இருந்தார். பரிசோதனை ஒன்றினால் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட தலைவலியைப் போக்குவதற்காக பென்ஸிட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து பாடம் படிக்கத் தொடங்கினர். 30 பிள்ளைகளிடம் கண்டதை அவர் 1937இல் எழுதி வெளியிட்டார். கணக்கு எளிதாக வருகிறது என்பதால் பிள்ளைகளே அதனைக் 'கணக்கு மாத்திரை' என்று அழைத்தார்களாம். பின்னர் 1944இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸோன் என்பவர் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்தை உருவாக்கினார். 1954இல் ரிட்டாலின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயர் அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. இன்று நம் நாட்டில் ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு முதன்மையாக எழுதப்படும் மருந்து இதுவே.

ஊக்க மருந்து எப்படி ஓடுகின்ற பிள்ளையை அமைதிப்படுத்தும் என்று கேட்பீர்கள். இது தூக்க மருந்தன்று. உறங்கிக் கொண்டிருக்கும் காவலாளியை எழுப்பிவிடுவதுபோல், மூளையின் முன்பகுதியில் உள்ள கட்டுப்பாட்டு மையங்களை இது விழிக்கச் செய்கிறது. காவலாளி விழித்துக்கொண்டால் வாசலில் கூச்சல் குறையும். எனவே மருந்தெடுத்த பிள்ளை மந்தமாக, சிரிப்பின்றி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அளவு கூடிவிட்டது, அல்லது அந்த மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை என்பதே அதன் பொருள். மருத்துவரிடம் சொல்லிக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும். இரண்டாவது சீட்டை எழுதிய தாய்க்கு நமது பதில் இதுதான்: மந்தமாகும் அளவுக்கு மருந்து கொடுப்பது சிகிச்சை ஆகாது, அப்படிக் கொடுக்கத் தேவையும் இல்லை.

கவனத்துக்கான இம்மருந்து கோபத்தையும் தணிக்குமா? தணிக்கும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளின் அடிதடி நடத்தையில் ஊக்க மருந்துகள் ஏற்படுத்தும் மாற்றத்தைப் பற்றிய 28 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. கவனத்திலும் இயக்கத்திலும் கிடைக்கும் பலனுக்கு ஏறத்தாழ ஈடான பலன் அடிதடியிலும் கிடைப்பதாக அது முடிவு கூறியது. பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. கோபம் தணியவில்லை என்று வந்த பிள்ளைகளுக்கு வேறு மருந்து எதையும் சேர்க்காமல், அந்த ஒரே மருந்தின் அளவையும் நேரத்தையும் ஒழுங்காகச் சரிசெய்து, பெற்றோர்க்குப் பயிற்சியும் கொடுத்தபோது, அவர்களில் பெரும் பகுதியினருக்கு அடிதடி அடங்கிவிட்டது. மருந்து பலிக்கவில்லை என்று கைவிடப்பட்ட பல பிள்ளைகளுக்கு உண்மையில் மருந்து சரியாகக் கொடுக்கப்படவே இல்லை என்பதுதான் இதிலிருந்து தெரிய வருவது.

ஆனால் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். ஆத்திரத்தில் சட்டென அடிப்பது ஒருவகை. யாரும் பார்க்காத நேரம் பார்த்து, திட்டமிட்டு, பயன் கருதி இன்னொரு பிள்ளையைத் துன்புறுத்துவது வேறுவகை. மருந்து பெரிதும் உதவுவது முதல் வகைக்கே. இரண்டாம் வகைக்கு மருந்தை நம்பியிருப்பது வீண். வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடக்கிறது என்று ஆராய வேண்டும். அந்தப் பிள்ளையை வேறு யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது, பெற்றோர்கள் கையிலேயே இருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அது கோபம் வருகின்ற மணி நேரம். எம்மிடம் வரும் தாய்மாரிடம், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தாளில் பிள்ளைக்குக் கோபம் வந்த நேரத்தை இரண்டு வாரம் குறித்து வரச் சொல்கிறோம். காரணம் எழுத வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்கிறோம். ஏனெனில் காரணம் எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் நீதிபதியாகிவிடுகிறோம்.

மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை 3 முதல் 4 மணி நேரமே வேலை செய்யும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தாளைப் பாருங்கள். காலை 8 மணிக்குச் சாதாரண மாத்திரை எடுக்கும் பிள்ளை, 9 மணி முதல் 11 மணி வரை வகுப்பில் நன்றாக இருந்து, 12 மணிக்குப் பிறகு சண்டையிடுகிறான் என்றால், மருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். "காலையில் நல்லவனாக இருப்பவனுக்கு மத்தியானம் என்ன திமிர்?" என்று ஆசிரியர் கேட்பார். திமிர் அன்று, கடிகாரம். மதியம் இரண்டாவது வேளை கொடுப்பதா, நீண்ட நேர வகைக்கு மாறுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

இன்னொரு தாளில், பள்ளியிலிருந்து எந்தப் புகாரும் இராது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வீடே போர்க்களமாக இருக்கும். மருந்தின் வேகம் இறங்குகின்ற வேளையில் சில பிள்ளைகளுக்கு, மருந்தே எடுக்காத நாளைக் காட்டிலும் அதிகமான எரிச்சலும் அழுகையும் வரும். போதாக்குறைக்குப் பசி. இம்மருந்து பகலில் பசியை மட்டுப்படுத்துவதால், கொண்டுபோன சோற்றுப் பாத்திரம் அப்படியே திரும்பி வருகிறது. மாலையில் மருந்து இறங்க, அடங்கிக் கிடந்த பசி எழ, களைப்பும் சேர, அந்த நேரத்தில்தான் நாம் வீட்டுப்பாடத்தை எடுத்து வை என்கிறோம், மதரஸாவுக்கு ஓடு என்கிறோம். பெரியவர்களாகிய நாமே அந்நிலையில் எரிந்து விழுவோம். இதற்கு முதல் வைத்தியம் மாத்திரை அன்று. காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறார உண்ணச் செய்து, மாலை வந்தவுடன் எதுவும் பேசாமல் முதலில் சாப்பிடக் கொடுத்து, அரைமணி நேரம் ஓடி விளையாட விட்டுவிடுவதே. அதிலும் சரியாகாவிட்டால், பிற்பகலில் ஒரு சிறிய அளவு மாத்திரையைச் சேர்த்து அந்த இறக்கத்தைச் சீராக்க மருத்துவர் முயல்வார். ஆனால் மாலையில் தாமதமாகக் கொடுத்தால் இரவு உறக்கம் கெடும். உறக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் கோபம் இரட்டிப்பாகும்.

மூன்றாவது வகைத் தாளில், மருந்து தொடங்கிய முதல் வாரத்திலிருந்து காலை மாலை என்ற பேதமின்றி நாள் முழுவதும் சிடுசிடுப்பு. முன்பு சிரித்தவன் இப்போது சிரிப்பதில்லை. இங்கே மருந்தையே சந்தேகிக்க வேண்டும். அளவைக் குறைத்துப் பார்ப்பதும், வேறு மருந்துக்கு மாறுவதும் மருத்துவரின் வேலை. வாரத்துக்கு ஏழு நாளும், மருந்து இருந்த நேரத்திலும் இல்லாத நேரத்திலும் ஒரே சீராகக் கோபம் என்றால், ஏ.டி.ஹெச்.டி.யைத் தாண்டி மனச்சோர்வு, பதற்றம், எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு, ஆட்டிசம், வீட்டுச் சண்டை ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். படிக்க முடியாத பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி வாசிக்கச் சொன்னால் அவன் புத்தகத்தை எறியத்தான் செய்வான். அவமானத்துக்கு மருந்து கொடுத்து என்ன பயன்?

இந்த முதல் மருந்தைச் சரியாகக் கொடுத்தும் கோபம் அடங்காத பிள்ளைகளுக்கு வேறு மருந்துகள் உண்டு. அட்டோமாக்ஸெட்டின் என்பது ஊக்க மருந்து வகையைச் சேராதது. 2002இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. நாள் முழுவதும் சீராக வேலை செய்யும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுவோர் உண்டு. தொடக்கத்தில் அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதால் மனநிலையைக் கவனித்து வர வேண்டும். குளோனிடின் என்பது இரத்த அழுத்தத்துக்காக வந்த பழைய மருந்து. அவசரத்தையும் உறக்கமின்மையையும் தணிக்கப் பயன்படுகிறது. அதனைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டோம் என்று சொல்லக்கூடிய மருந்தன்று.

பிறகு ரிஸ்பெரிடோன். இதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்லியாக வேண்டும். கோபத்தைக் கண்கூடாகக் குறைக்கும் மருந்து இது. ஆகையால் பெற்றோர்கள் இதனை விரும்புகிறார்கள், சில இடங்களில் முதல் நாளிலேயே எழுதப்பட்டும் விடுகிறது. 2014இல் அமெரிக்காவில் 168 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. 6 முதல் 12 வயதுக்குட்பட்ட, கடுமையான அடிதடி உள்ள பிள்ளைகள் அவர்கள். எல்லோருக்கும் முதலில் ஊக்க மருந்தும் பெற்றோர் பயிற்சியும் கொடுத்தார்கள். அதன் பிறகே, குறை மீதமிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரிஸ்பெரிடோனையும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் சேர்த்தார்கள். ரிஸ்பெரிடோன் சேர்ந்தவர்களுக்கு மிதமான கூடுதல் பலன் கிடைத்தது. ஆகவே மருந்தில் பலன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். இம்மருந்தினால் பசி பெருகி எடை வேகமாக ஏறும். சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம். ஆண் பிள்ளைக்கும் மார்பு வீங்கும்படி ஹார்மோன் மாறலாம். கை கால் விறைப்பும் தானாக அசைவதும் சிலருக்கு வரும். எனவே கடைசிப் படியாக, குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு, எடையும் இரத்தமும் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. உங்கள் பிள்ளைக்கு இது எழுதப்பட்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எத்தனை காலத்துக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

மெத்தில்ஃபெனிடேட்டுக்கும் பக்க விளைவுகள் உண்டு. பசிக் குறைவும் உறக்கக் குறைவும் முதன்மையானவை. வயிற்று வலி, தலைவலி வரலாம். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது உயரலாம். ஆகவே குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணமோ, பிள்ளைக்கு இதய நோயோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், தொடர்ந்து 3 ஆண்டுகள் மருந்து எடுத்த பிள்ளைகள் எடுக்காதவர்களைவிட 2 செ.மீ. அளவு குறைவாக வளர்ந்திருந்தனர். ஆகையால் உயரம், எடை இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் அளந்து குறித்து வைக்க வேண்டும். 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மருந்தை நாடும் முன் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை.

போதைப் பழக்கம் ஆகிவிடுமா என்று ஒரு சீட்டு கேட்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இம்மருந்து இருப்பது உண்மையே. அதனால்தான் மருந்துச் சீட்டின்றி இது கிடைக்காது, எல்லாக் கடைகளிலும் வைத்திருக்கவும் மாட்டார்கள். தவறாகப் பயன்படுத்தினால் தீங்கு உண்டு என்பதற்கான காவல் அது. மருத்துவர் சொன்ன அளவில், வாய் வழியாக எடுக்கும் பிள்ளைகள் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாகும் ஆபத்து இதனால் கூடுவதில்லை என்று நீண்ட கால ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையைப் பெரியவர்கள் பூட்டி வைத்து, தம் கையாலேயே கொடுக்க வேண்டும். 'உன் கோப மாத்திரையைப் போட்டாயா?' என்று பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள். அண்ணன் தம்பிகள் அதையே பட்டப்பெயராக்கிவிடுவார்கள்.

சிகிச்சையின்றி விட்டால் என்ன நேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடன் நாட்டில் ஏ.டி.ஹெச்.டி. உள்ள 25,656 பேரின் அரசுப் பதிவேடுகளைப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே மனிதர் மருந்தெடுத்த காலத்தில், எடுக்காத காலத்தைவிட, குற்ற வழக்குகளில் சிக்குவது ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைந்திருந்தது. இளைஞர்களைப் பற்றிய பஞ்சாயத்துகள் இதே மண்டபத்தில்தான் நடக்கின்றன. அங்கே வந்து நிற்கின்ற சிலர் 8 வயதில் எப்படி இருந்தார்கள் என்று அவர்களின் உம்மாவிடம் யாராவது கேட்டதுண்டா?

இனி, அடிப்பதைப் பற்றி. மருந்து கொடுத்துக்கொண்டே பிள்ளையை அடிப்பது, ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் அணைப்பது போன்றது. மருந்து மீட்டுக் கொடுத்த அந்த ஒரு நொடியில் பிள்ளைக்கு என்ன நினைவு வர வேண்டும் என்பதை நாம்தான் கற்பிக்கிறோம். ஆத்திரம் வந்தால் கை ஓங்கலாம் என்பதை அவன் வாப்பாவிடமிருந்தே கற்றிருந்தால், கிடைத்த நொடியில் அதுவே நினைவுக்கு வரும். 1999இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 579 பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 14 மாதம் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு, எதிர்த்து நிற்கும் முரட்டுத்தனமும் இருந்தது. கவனக் குறைவைப் பொறுத்தவரை, நன்கு கண்காணித்துக் கொடுத்த மருந்து மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆனால் முரட்டுத்தனம், பெற்றோர் பிள்ளை உறவு ஆகியவற்றில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்த குழுவே முன்னணியில் நின்றது. அந்தக் குழுவினருக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவும் குறைவு: நாளொன்றுக்குச் சராசரியாக 31.2 மில்லிகிராம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 37.7 மில்லிகிராம். சிகிச்சை தொடங்கி 3 ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருமுறை செய்து முடித்துவிடும் அறுவைச் சிகிச்சை போன்றதன்று இது. கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியது.

நடத்தைப் பயிற்சி என்றவுடன் பெரிய காரியமாக எண்ண வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அதுவும் பக்கத்தில் சென்று, முகம் பார்த்து, குறைந்த சொற்களில். செய்தவுடன் பாராட்டு, மாலையில் மொத்தமாகப் பாராட்டுவது இப்பிள்ளைகளுக்கு எட்டாது. ஆத்திரம் பொங்கும்போது உபதேசம் கூடாது. தம்பி தங்கையை அப்புறப்படுத்திவிட்டு நாம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். தணிந்த பிறகு சுருக்கமாகப் பேசி, உடைத்ததை அவனைக் கொண்டே பெருக்கச் செய்ய வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். உம்மா மறுத்ததை நன்னிமா இரகசியமாகக் கொடுத்தால் எல்லாம் பாழ்.

பள்ளிகளில் உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. மாலை மதரஸாவின் உஸ்தாதுமார்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இப்பிள்ளைகள் உங்களிடம் வருகின்ற நேரம், மருந்து இறங்கிய நேரம். வரிசையின் முன்பக்கம் அமர்த்தி, பாடத்தைச் சிறு சிறு துண்டாகக் கொடுத்து, நடுவில் தண்ணீர் கொண்டுவா, பாய் விரி என்று எழுந்து நடக்கும் வேலை கொடுத்துப் பாருங்கள். பெற்றோர்களும் உஸ்தாதிடம் விஷயத்தை மறைக்க வேண்டாம்.

நோன்பு பற்றிய சீட்டுகள் மூன்று. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆசைக்காகப் பிடிக்கின்ற நாளில் மருந்தை நிறுத்திவிடலாமா என்று தாமாக முடிவெடுக்கக் கூடாது. பருவமடைந்த பிள்ளை நோன்பு வைப்பதாயின், நீண்ட நேர மாத்திரையை ஸஹர் வேளையில் கொடுக்க முடியுமா என்று ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்குள்ள சலுகையைப் பற்றி ஆலிம்களிடம் கேட்கும்போது மருத்துவரின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நீண்ட நேர மாத்திரையை உடைத்தோ மென்றோ உண்ணக் கூடாது. முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். கேப்ஸ்யூலின் உறையைப் பற்றி ஐயமுள்ளவர்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் மாத்திரை வடிவில் எழுதித் தருவார். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அடிப்பவரிடம் மட்டும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் வாப்பாவிடம் விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் அங்கே கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. மருந்துச் சீட்டும், மருத்துவரின் ஆங்கிலச் சான்றும், அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் இன்றிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லாதீர்கள். உறவினர் யாரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.

எங்கே போவது என்பது கடைசிக் கேள்வி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2013இல் தொடங்கப்பட்ட பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்களும் ஏற்படுத்தப்பட்டுள்ளன. ஏ.டி.ஹெச்.டி.யும் அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தைகளுக்கெனத் தனித் துறையே உண்டு. 2022 முதல் இயங்கிவரும் டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். முதன்முறை செல்லும்போது பள்ளி ஆசிரியரின் குறிப்பு ஒன்றையும், நாம் முன்பு சொன்ன அந்த நாட்காட்டித் தாள்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கூடுமானவரை வாப்பாவும் உடன் வரட்டும்.